நாங்கள் இருவரும் எழுந்து நின்ற கூட்டம்

பிள்ளைகளே, போன வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது பெரியவன் ஒன்று கேட்டான். "அப்பா, ஊரார் வீட்டுப் பையன்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கக் காட்டுக்குப் போனீங்க. எனக்கு யார் சொல்லிக்கொடுத்தா?" அம்மா அவனைப் பார்த்து, "சோறு ஆறுது, சாப்பிடு" என்றாள். எனக்கு வாயால் சொல்வதைவிட எழுதுவது கொஞ்சம் சுலபம். லோயர் செகண்டரி வரை படித்தவன்தான், எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதியதை முதலில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இது இப்படியில்லை" என்று சில இடங்களில் நிறுத்தினாள். அவள் திருத்திச் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

அப்போதெல்லாம் நம் சபையார் வருஷத்துக்கு ஒருமுறை மைசூரில் ஒரு பெரிய கூட்டம் வைப்பார்கள். தூரத்துக் காட்டோர ஊர்களில் ஊழியம் செய்கிறவர்களும், அங்கே வாலிபர்களை நடத்துகிறவர்களும் வந்து மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கி, ஜெபம், தியானம், பேச்சு என்று சில நாள் இருந்துவிட்டுப் போவார்கள். தசரா லீவில்தான் வைப்பார்கள். பள்ளிக்கூடம் காலியாக இருக்கும், ரயிலிலும் அப்போது சார்ஜ் குறைவு. இதில் ஒரு தொல்லையும் உண்டு. வருகிற வாலிபர்களில் பாதிப் பேருக்கு அரமனையில் தசராவுக்கு ஏற்றுகிற விளக்கின் மேல்தான் கண். பொழுது சாய்ந்ததும் ஒவ்வொருத்தனாகக் கழன்றுவிடுவான். அதற்காகவே போதகர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஒருத்தன் அவரிடம், "ஐயா, வயிறு சரியில்லை, சித்தெ வெளியே போய்ட்டு வர்றேன்" என்றான். போதகர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "வயிற்றுப்போக்குக்கு எண்ணெய் வைத்து வகிடு எடுத்துக்கொண்டா போவார்கள்? உள்ளே போய் உட்கார்" என்றார்.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் உதவி வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையின் வாலிபர் சங்கத்தையும் பார்த்துக்கொண்டேன். கூட்ட நாட்களில் பாய் விரிப்பதும், சமையலுக்குத் தண்ணீர் சுமப்பதும், களி கிண்டுகிறவருக்குக் கை மாற்றுவதும் என் வேலை. வீடு பக்கத்துத் தெருவில்தான் என்றாலும் நாங்களும் பள்ளிக்கூடத்திலேயே தங்க வேண்டும். ஆண்கள் வகுப்பறைகளில், பெண்கள் ரஸ்தாவுக்கு அந்தப் பக்கம் பெண்பிள்ளைகள் விடுதியில். கூட்டத்தில் உட்காருவதும் அப்படித்தான், வலப்பக்கம் நாங்கள், இடப்பக்கம் அவர்கள். தியான நாட்களில் புருஷனும் பெண்சாதியும் பேசிக்கொள்ளக் கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பேசினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் யாரும் பேசமாட்டார்கள்.

கடைசி நாள் மாலை அழைப்பு நடக்கும். ஆள் இல்லாமல் கிடக்கிற ஊரைப் பிரசங்கியார் சொல்வார். போக மனமுள்ளவர்கள் எழுந்து நிற்க வேண்டும். எழுந்தவர்களை மறுநாள் காலை ஆராதனையில் முன்னே முழங்காலிட வைத்து, தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்புவார்கள். எழுந்தது எழுந்ததுதான். அதற்கு அப்பால் பேச்சில்லை.

அந்த வருஷம் சொன்ன ஊர் சாமராஜநகருக்கு அப்பால், காட்டை ஒட்டினாற்போல் இருந்தது. காட்டூர் என்றுதான் நாங்கள் சொல்வோம். கொள்ளேகால் பக்கமிருந்தும் சத்தியமங்கலம் பக்கமிருந்தும் காட்டில் மூங்கில் வெட்டுகிற கூப்புக்குக் கூலிக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டிருந்தன. மண் சுவரில் ஒரு ஜெப வீடு. அங்கே இருந்த உபதேசியாரைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. அடுத்து வந்தவர் மழை விடும்வரைகூடத் தங்காமல் திரும்பிவிட்டார். வாலிபர்களுக்குச் சனிக்கிழமை கூலி கைக்கு வரும், சாராயக் கடையில் போய் முடியும். அந்த ஊரிலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார். நடுவயசு, கூப்பில் மூங்கில் கட்டுத் தூக்குகிறவர். பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, "எங்களுக்கு ஒரு ஆளைக் குடுங்க சாமி. பசங்க கெட்டுப் போறானுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

உங்களுக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள் என்று உங்களுக்குத் தெரியும். அவளைப் பற்றி வீட்டில் நாங்கள் அதிகம் பேசுவதில்லை. நான் முன்பு சாமராஜநகர் மிஷன் பள்ளியில் வேலையாயிருந்தபோது அவள் குளிர்காய்ச்சலில் போய்விட்டாள். கொயினா மருந்து கசக்கிறது என்று துப்பிவிடுவாள். வெல்லத்தில் வைத்துக் கொடுத்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். அதற்குப் பிறகு போதகரே எழுதி எங்களை மைசூருக்கு மாற்றினார். பெரியவன் இங்கே வந்துதான் பிறந்தான். இந்தக் கூட்டத்தின்போது அவன் கைக்குழந்தை.

பிரசங்கியார், "தனி ஆள் நிலைக்கவில்லை. குடும்பமாய்ப் போகிறவர்கள் வேண்டும்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கர்த்தாவே, வேறு யாரையாவது எழுப்பும் என்று ஜெபித்தேன். அந்த ஜெபத்தில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளையைக் கொடுத்தவன் இன்னொன்றைக் காப்பாற்றக் கேட்கலாம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அப்போது இடப்பக்கத்தில் சலசலப்புக் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உங்கள் அம்மா நிற்கிறாள்.

பெண்சாதி நிற்க, புருஷன் உட்கார்ந்திருப்பதா? நானும் எழுந்தேன். "ஸ்தோத்திரம்" என்று சபை முழுக்கச் சத்தம் எழுந்தது. காட்டூர் அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். கூட்டம் கலைந்து அவர்கள் விடுதிக்குப் போனார்கள், நாங்கள் வகுப்பறைக்குப் போனோம்.

மறுநாள் ஆராதனை மணி அடிக்குமுன் விடுதிப் பக்கத்துக் குழாயடிக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். தண்ணீர் சுமப்பது என் வேலையாதலால் யாரும் கேட்க முடியாது. அம்மா அங்கே குழந்தைத் துணி அலசிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. குடத்தை வைத்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"உனக்கு எப்படி மனசு வந்தது?"

"எனக்கா? உங்களுக்கு எப்படி வந்தது?"

"நீ எழுந்துட்டே. அப்புறம் நான் உட்கார்ந்திருக்க முடியுமா?"

பிழிந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. "நீங்க எழுந்திருப்பீங்கன்னுதானே நான் எழுந்தேன். குடும்பமா போறவங்கன்னு சொன்னதும் நீங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்க. எதையாவது முடிவு பண்றப்போ நீங்க அப்படித்தானே குனிவீங்க. நீங்க எழுந்து நான் உட்கார்ந்திருந்தா, சபை முன்னாலே உங்களுக்குத் தலையிறக்கம். அதான் முந்திக்கிட்டேன்."

"வேற யாரையாவது எழுப்பும்னு நான் ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன்."

"நானும் அதையேதான் பண்ணேன்" என்றாள்.

குடம் வழிந்து காலை நனைத்தது. அப்போது பின்னாலிருந்து காட்டூர் அம்மாளின் குரல் கேட்டது. "ஏனுங் வாத்தியாரே, தண்ணி வழியறதுகூடத் தெரியாம அம்மிணிகிட்ட அப்படி என்னுங்க பேச்சு? கூட்டம் முடியட்டுமுங்க, வூட்டுக்குப் போயிப் பேசலாம்." சிரித்துக்கொண்டே வந்து, திண்டில் கிடந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டார். "எங்கூருக்கு வாரீங்களா சாமி? எங்க எருமை கறக்குது. உங்களுக்குப் பாலுக்குக் கொறையே இல்லீங்க." பிறகு அம்மாவிடம், ஜெப வீட்டுக்குப் பின்னால் உள்ள அறைக்குப் புதுசாகக் கூரை வேய்ந்திருப்பதையும், பாம்பு வராமலிருக்கச் சுற்றிலும் புல்லைச் செதுக்கி வைத்திருப்பதையும் சொன்னார்.

அம்மா கேட்டாள்: "அங்கே குழந்தைங்க இருக்காங்களா?"

"இருக்குதுங்க அம்மிணி." குழந்தையின் முதுகைத் தட்டினார். "கொஞ்சம் இருக்குதுங்க" என்றார்.

அதற்கு மேல் நாங்கள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் குடத்தைச் சமையல்கட்டில் இறக்கிவிட்டு வந்தேன். அம்மா ரஸ்தாவைத் தாண்டி, எல்லோரும் பார்க்க, என்னோடு போதகரின் அறைக்கு நடந்து வந்தாள். அப்படி ஒரு பெண் நடந்ததை அந்தக் கூட்டத்தில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

சாமராஜநகருக்கு வந்து நம் மூத்தவளை அடக்கம் செய்தவர் அந்தப் போதகர்தான். நடந்ததைச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "நான் உங்களைப் போகவேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் சபை முழுக்கப் பார்த்திருக்கிறது. இன்றைக்கு நீங்கள் உட்கார்ந்தால், நாளைக்கு எழுந்து நிற்பதற்கு என்ன மதிப்பு? அந்தம்மாளுக்கு நான் என்ன சொல்வேன்?" என்றார்.

அம்மா நேரே அவரைப் பார்த்துக் கேட்டாள்: "ஐயா, நான் எழுந்தப்போ பிள்ளையும் என் இடுப்பிலே இருந்தான். அவனும் எழுந்ததாக் கணக்கா?"

வெளியே மணி அடித்துவிட்டது. போதகர் எழுந்து அங்கியை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பிள்ளையை நான் கேட்கவில்லை அம்மா. உன்னையும் கேட்கவில்லை. வாத்தியார் மட்டும் போகட்டும். அடுத்த தசராவில் வேறு யாராவது எழுந்தால் அவரை விட்டுவிடுகிறேன்." என்னைப் பார்த்தார். குழாயடியில் அந்தம்மாள் 'கொஞ்சம்' என்று சொன்னது என் காதிலேயே இருந்தது. சரி என்றேன்.

ஆராதனையில் நான் தனியாக முழங்காலிட்டேன். அம்மா இடப்பக்கம் உட்கார்ந்தே இருந்தாள். சபையில் முணுமுணுப்பு எழுந்தது. கை வைக்குமுன் இரண்டு வார்த்தை பேசலாம் என்பதால், நடந்ததை நடந்தபடியே சொன்னேன். எங்கள் இரண்டு பேருக்கும் போக மனமில்லை, ஒருத்தருக்காக ஒருத்தர் எழுந்தோம், பயம் எனக்கும் உண்டு என்றேன். உண்மையைச் சொன்னால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன், தீரவில்லை. பெண்சாதியை விட்டுக்கொடுக்காத மனுஷன் என்று எனக்குப் பெயர் வந்தது. ஒரு பெரிய வீட்டு அம்மாள் வாசலிலேயே உங்கள் அம்மாவிடம், "நல்ல புருஷன் கிடைச்சான் உனக்கு. உன் பயத்தையும் தன் தலைமேலே போட்டுக்கிட்டான் பாரு" என்றாளாம்.

காட்டூரில் நான் பட்டதை நீளமாக எழுத மாட்டேன். காய்ச்சல் எனக்கும் வந்தது. கம்பளிக்குள் பல் கிட்டிப்போய் நடுங்கும்போது அந்தம்மாள் மிளகுக் கஷாயம் வைத்துத் தருவார். பகலெல்லாம் கூப்பில் வெட்டிவிட்டு வருகிற வாலிபர்கள் முதலில் என்னைக் கேலி செய்தார்கள். "வாத்தியாரே, எழுத்துப் படிச்சா மூங்கில் தானா வெட்டிக்குமா?" என்றான் ஒருத்தன். "வெட்டாது. உன் கூலியிலே மேஸ்திரி வெட்டறது உனக்குத் தெரியும்" என்றேன். அதற்குப் பிறகு நாலைந்து பேர் விளக்கு வைத்ததும் வந்து உட்கார்ந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் சடுகுடு வைத்தேன். சாராயக் கடைக்குப் போகிறவன் அணியில் இல்லை என்பது அவர்களே போட்ட சட்டம். எல்லாரும் திருந்தினார்கள் என்று சொல்ல மாட்டேன். சிலர் திருந்தினார்கள், அவர்களில் இரண்டு பேரைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று.

மாதம் ஒருமுறை மைசூருக்கு வருவேன். பெரியவன் என்னைப் பார்த்ததும் அம்மா புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். அம்மா எதையும் சொல்லிக் குறைப்பட மாட்டாள். அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெண்கள் ஜெபக் கூட்டத்தில் அவளை ஜெபிக்கச் சொல்வதை நிறுத்திவிட்டார்களாம். அவள் முன்வரிசையில் உட்கார்ந்தால், "ஸ்வல்ப தள்ளி உட்காரும்மா" என்று வேறு யாருக்கோ இடம் கேட்பார்களாம். அவள் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். ஆனால் ஒரு வாரமும் போகாமல் இருந்ததில்லை.

அடுத்த தசரா வந்தது. கூட்டத்துக்குக் காட்டூர் அம்மாளும் நானும் சேர்ந்தே ரயிலில் வந்தோம். எனக்கு ஒரே ஒரு நினைப்பு, இந்த வருஷம் யாராவது எழுந்தால் நான் வீட்டுக்கு வந்துவிடலாம். எழுவதற்கும் ஆள் இருந்தது. புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி. பையன் எங்கள் வாலிபர் சங்கத்தவன், கெட்டிக்காரன், அவன் எழுவான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். மருமகளுக்குப் பக்கத்தில் மாமியார் உட்கார்ந்து, "அவன் எழுந்ததும் நீ எழுந்திரு, தாமசம் பண்ணாதே" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் தலையைத் தலையை ஆட்டியது. அதற்குப் பின்னால்தான் உங்கள் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

அழைப்புக்கு முன் போதகர் அம்மாவைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். நல்லெண்ணத்தில்தான் கூப்பிட்டார். ஒரு வருஷம் பொறுமையாயிருந்து தைரியம் பெற்றேன் என்று அவள் நாலு வார்த்தை சொன்னால் சபையார் வாய் அடங்கும் என்பது அவர் எண்ணம். கூட்டத்துக்கு முன்னமே அவளிடமும் அப்படிச் சொல்லியிருந்தார்.

அம்மா எழுந்தாள்.

"எனக்குத் தைரியம் வரலை. போன வருஷமும் பயம், இந்த வருஷமும் பயம். அன்னிக்கு நான் ஆண்டவருக்காக எழுந்திருக்கலை, வீட்டுக்காரருக்காக எழுந்தேன். அவரும் எனக்காக எழுந்தார். நாங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியிருந்தா இப்படி ஆகியிருக்காது. இன்னிக்கு எழுந்திருக்கிறவங்க, தங்களுக்கே மனசிருந்தா எழுந்திருங்க. பக்கத்திலே யார் இடிச்சாலும் எழுந்திருக்காதீங்க."

உட்கார்ந்துவிட்டாள். மாமியார் கை மருமகளின் முழங்கையில் இருந்தது, அதை மெதுவாக எடுத்துக்கொண்டாள். பிரசங்கியார் அழைத்தார். ஒரு பாட்டுப் பாடினோம், மறுபடியும் அழைத்தார். அந்தப் பையன் இடப்பக்கம் திரும்பிப் பெண்சாதியைப் பார்த்தான். அவள் இல்லை என்று தலையசைத்தாள். அவன் உட்கார்ந்தே இருந்தான். அன்றைக்கு யாருமே எழவில்லை. மறுநாள் காலை முழங்காலிட ஆளில்லாமல் ஆராதனை சீக்கிரம் முடிந்துவிட்டது.

போதகர் என்னைத் தனியே அழைத்தார். "உன் பெண்சாதி உண்மையைத்தான் சொன்னாள். இனிமேல் நான் கூட்டத்தில் அழைக்கப் போவதில்லை. வீட்டுக்குப் போய் இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்துக் கேட்கிறேன்" என்றார். அப்படியே செய்தார், கடைசிவரை செய்தார். "ஆனால் இந்த வருஷம் அந்த ஊருக்கு யாரை அனுப்புவேன்?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

வெளியே வந்தால் காட்டூர் அம்மாள் பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா அவருக்கு எதிரில் நின்றாள்.

"என்னை மன்னிச்சுக்கங்க" என்றாள் அம்மா. "உங்க ஊருக்கு வர இருந்தவங்களை நான் தடுத்துட்டேன்."

"அதெல்லாம் இல்லீங்க அம்மிணி. நீங்க சொன்னது நெசம்தானுங்க." அந்தம்மாள் முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினார். "பயமில்லாத ஆளு எங்கூர்லயும் கெடையாதுங்க. எங்களுக்குப் போறதுக்கு வேற எடமில்ல, அவ்வளவுதானுங்க."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். கூட்டத்தார் எல்லோரும் வாசலில் இருந்தார்கள். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

"நேத்து நான் பேச எழுந்திருக்கிறப்பவே தெரியும், யாரும் எழலேன்னா நீங்கதான் போகணும்னு" என்றாள். "தெரிஞ்சேதான் பேசினேன். இப்போ நான் உங்களைப் போங்கன்னும் சொல்லலை, போகாதீங்கன்னும் சொல்லலை. உங்களுக்கு என்ன தோணுது? சொல்லுங்க."

அப்படி என்னை யாரும் அதுவரை கேட்டதில்லை. போகாவிட்டால் தூக்கம் வராது என்றேன். போனால் உன் நினைப்பும் பிள்ளை நினைப்பும் விடாது என்றேன். அவள், "அப்போ போய்ட்டு வாங்க. நான் வரமாட்டேன். பிள்ளையையும் அனுப்பமாட்டேன்" என்றாள். சரி என்றேன். நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு அதுதான். அதற்குப் பின் வந்த வருஷங்களிலும் ஒவ்வொரு தசராவுக்கும் உட்கார்ந்து பேசித்தான் போனேன்.

பெரியவனே, உனக்கு யார் எழுத்துச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாய். உன் அம்மா சொல்லிக்கொடுத்தாள், நான் இல்லை. அந்தக் குறை உனக்கு இருக்கட்டும், அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். அன்று வீட்டில் கம்பளியை எடுத்துக்கொண்டு ரயிலடிக்குக் கிளம்பும்போது நீ அழவில்லை. அம்மா 'போய்ட்டு வாங்க' சொல்லச் சொன்னதும் கையை மட்டும் ஆட்டினாய். காட்டூர் அம்மாள் பாயைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னே போனார். நான் பின்னே போனேன்.